பம்ப்பை மாற்றுவதற்கு முன்னால்

"அண்ணாச்சி, எட்டயபுரம் ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு நின்னு போகுது. பத்து நிமிசம் நிழல்ல போட்டுட்டு சாவியைத் திருப்புனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனா அங்க நிக்கவே மாட்டேங்குது."

சித்திரை, வைகாசியில் கோவில்பட்டிப் பக்கம் பெட்ரோல் இன்ஜின் லோடு வேன் ஓட்டுகிறவர்களிடம் கேட்கக்கூடிய புகார்தான் இது. டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அவசரப்பட்டால் செலவுதான் மிஞ்சும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் பிளக் மாற்றுவார்கள், அடுத்து பில்டர். அதற்கும் மசியவில்லை என்றால் பியூல் பம்ப். ஆயிரக்கணக்கில் போய்விடும். கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடும். பிறகு ஒரு மதியம் மறுபடியும் நடுரோட்டில் நிற்கும். "புது பம்ப்பும் போயிருச்சு, டூப்ளிகேட்டைக் குடுத்துட்டான்" என்று கோபம் கடைக்காரர் மேல் திரும்பும். பல நேரங்களில் பழைய பம்ப்பிலேயே கோளாறு இருந்திருக்காது. பம்ப்பை மாற்றும்போது அதன் கப்ளரையும் பிடுங்கிச் செருகியிருப்பார்கள். அந்த உரசலில், உள்ளே களிம்பு பிடித்துக் கிடந்த கப்ளர் பின் கொஞ்சம் துலங்கியிருக்கும். வண்டி கொஞ்ச நாள் ஓடியது அந்த உரசலால். மறுபடி களிம்பு ஏறியதும் பழையபடி நின்றுவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, விட்டுவிட்டு வரும் மின்கோளாறை அது வெளிப்பட்டு நிற்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். ஒழுங்காக ஓடும் வண்டியில் எதை அளந்தாலும் எல்லாம் சரி என்றுதான் மீட்டர் சொல்லும். ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. அது சூதாட்டம், அதுவும் உங்கள் காசில்.

பம்ப் செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவோம். கார்புரேட்டர் காலத்துக் கார்களில் இன்ஜினே ஒரு சவ்வுப் பம்ப்பைத் தள்ளிப் பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை. பைக்கில் அந்தப் பம்ப்கூடக் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, பெட்ரோல் தானாக இறங்கும். இஞ்செக்‌ஷன் வண்டியில் அது நடக்காது. காரின் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 2 பாரைக் கொஞ்சம் தாண்டும். இஞ்செக்டருக்கு முன்னால் பெட்ரோல் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் நிற்க வேண்டும். அதற்காக டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியபடி ஒரு சின்ன மோட்டார் ஓடுகிறது. பெட்ரோல் அந்த மோட்டாரின் ஊடாகவே போகும். அதைக் குளிர்விப்பதும் மசகு போடுவதும் அந்தப் பெட்ரோல்தான். 2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் இது கார்க்காரர்களின் கவலையாக மட்டும் இல்லை. புதிய பைக்குகளிலும், காட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றப் போகும் எக்ஸெல் வண்டியிலும் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் கைகள் மல்டிமீட்டரையும் பழகியாக வேண்டிய காலம் இது.

மின்சாரம் போகும் பாதை நீளமானது. பேட்டரியில் கிளம்பி, பியூஸைத் தாண்டி, ரிலேக்குள் நுழைந்து, வண்டியின் அடிவயிற்றோடு பின்னால் போய், டேங்க் மேலுள்ள கப்ளர் வழியாகப் பம்ப்புக்குள் இறங்குகிறது. பிறகு எர்த்து வயரில் ஏறி, பாடியில் ஒரு போல்ட்டைப் பிடித்துப் பேட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பும் பாதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரிலேயை மூடச் சொல்வது வண்டியின் கம்ப்யூட்டர். சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று நொடி மட்டும் பம்ப்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றும். இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் தொடர்ந்து ஓடவிடும். சொல்லாவிட்டால் நிறுத்திவிடும். இது பாதுகாப்புக்காகச் செய்திருப்பது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து எதையும் ஆட்டாதீர்கள், தட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கோளாறு இப்போது வெளியே வந்து நிற்கிறது. அதை விரட்டிவிட்டால் மறுபடி எப்போது வருமோ. சாவியை அணைத்து, பத்து நொடி பொறுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். டேங்க் பக்கம் காதைக் கொடுங்கள். 'உய்ங்' என்று ஒரு முனகல் வந்து அடங்குகிறதா? வந்தால் பம்ப் சுற்றுகிறது. சந்தேகத்தைக் கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில் பக்கம் திருப்பலாம். சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் கிராங்க் சென்சார், பம்ப் கோளாறைப் போலவே வேஷம் போடும். அது செத்துக் கிடக்கும்போது செல்ஃப் அடித்தால் பம்ப் ஓடாது, கம்ப்யூட்டர் ஓடவிடாது. அதை வைத்துப் பம்ப்பைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். அதனால்தான் செல்ஃப் அடிக்கும்போது கேட்பதைவிட, சாவி போட்டதும் வரும் அந்த முதல் சத்தத்தை நம்பச் சொல்கிறேன். டேக்கோ மீட்டர் உள்ள வண்டியானால் செல்ஃப் அடிக்கும்போது முள் லேசாகவாவது அசைகிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் முள் அசையாவிட்டால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும்.

சத்தமே இல்லை என்றால் பம்ப்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது வந்தும் பம்ப் சுற்றவில்லை. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

அதற்கு முன் ஒரு சின்ன நோட்டு. ஓட்டுகிறவரைவிட நல்ல கருவி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இல்லை. எத்தனை மணிக்கு நின்றது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, மேடா பள்ளமா, ஹெட்லைட்டோ ஏசியோ ஓடியதா, முந்தின நாள் மழையா என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். திக்கித் திணறி இழுவை குறைந்து நின்றதா, சாவியைப் பிடுங்கியதுபோல் பட்டென்று நின்றதா என்பதும் முக்கியம். திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் குறை. பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் குறை. நான்கு முறை நின்றதும் கால் டேங்குக்குக் கீழே இருக்கும்போதுதான் என்றால், பம்ப் தன்னைக் குளிர்விக்கப் பெட்ரோல் போதாமல் சூடாகிறது என்று யோசிக்கலாம். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டு ஓட்டும் வண்டிகளில் பம்ப்பின் ஆயுள் குறைவதற்கு இது பெரிய காரணம். மழைக்கு மறுநாள் மட்டும் நின்றால் கப்ளரில் ஈரம். குண்டும் குழியுமான காட்டுப்பாதையில் மட்டும் என்றால் எங்கோ ஒரு லூஸ் காண்டாக்ட்.

அடுத்தது அளவு. மெக்கானிக் கப்ளரைப் பிடுங்கி, மல்டிமீட்டர் முனைகளை வைத்து, சாவி போடச் சொல்வார். 12.4 வோல்ட் காட்டும். "கரண்ட் வருதுய்யா, பம்ப்தான் அவுட்டு" என்று முடித்துவிடுவார். பெரும்பாலான தவறு நடக்கும் இடம் இதுதான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 1 கோடி ஓம். அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வழியில் 1,000 ஓம் தடை இருந்தாலும் அது 12.4 என்றே காட்டும். பம்ப் 5 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே தங்கிவிடும். மூன்று நான்கு ஓம் ஆனால் பம்ப் சுற்றுவதே சந்தேகம். கிணறு வைத்திருக்கும் சம்சாரிகளுக்கு இது புதிதல்ல. டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கும் கிணற்று ஷெட்டில் குண்டு பல்பு எரியும். மோட்டார் சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டே நிற்கும், தண்ணீர் ஏறாது. பல்பு எரிவதைக் காட்டி மோட்டாருக்குக் கரண்ட் போதும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே சுமை இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கப்ளரைப் பிடுங்காமல், பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று அளவு எடுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப்பின் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒன்று. பம்ப்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒன்று. பம்ப்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒன்று. மூன்றையும் கூட்டினால் பேட்டரி வோல்ட் வந்தாக வேண்டும். இன்ஜின் ஓடி 14 வோல்ட் இருக்கும்போது பிளஸ் பக்கம் 0.3, எர்த்துப் பக்கம் 0.2, பம்ப்பில் 13.5 என்றால் ஆரோக்கியம். பிளஸ் பக்கம் 0.4, எர்த்துப் பக்கம் 3.8, பம்ப்பில் 9.8 என்று வந்தால் பம்ப்பைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. எர்த்து போல்ட்டைத் தேடிப் போக வேண்டும். ஒரு பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்தப் பக்கத்தை விடாதீர்கள்.

பம்ப்பையே நம்ப முடியாதபோது அதற்குப் பதில் ஒரு ஹெட்லைட் பல்பைச் சுமையாக வைக்கலாம். 55 வாட் இழை 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட பம்ப் அளவு. ஒரு இழை போன பழைய பல்பே போதும். ஆனால் அந்தப் பல்பு கொதிக்கும். நீளமான வயரில், டேங்கைவிட்டு நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். தீப்பெட்டித் தொழில் செய்யும் ஊருக்குத் தீயைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நிற்கும். டேங்க் மூடி திறந்திருக்கும்போது எந்த வயரையும் உரசிப் பொறி பார்க்காதீர்கள்.

"அதெல்லாம் சரி அண்ணாச்சி, ஒர்க்‌ஷாப்புல நிக்கவே மாட்டேங்குதே, எப்ப அளக்க?" நியாயமான கேள்வி. ஒர்க்‌ஷாப்பில் நிற்காத வண்டிக்கு, மீட்டரை ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மீட்டர்கூட வேண்டாம், இரண்டு பார்க்கிங் பல்பு போதும். பம்ப்பின் பிளஸ்ஸிலிருந்து 2 ஆம்பியர் பியூஸ் வைத்து ஒரு வயரை டேஷ்போர்டு வரை இழுங்கள். முதல் பல்பை அந்த வயருக்கும் டேஷ்போர்டு பக்கமுள்ள நல்ல எர்த்துக்கும் நடுவே மாட்டுங்கள். பம்ப்பின் எர்த்து முனையிலிருந்து இன்னொரு வயரைக் கொண்டுவந்து, இரண்டாவது பல்பைப் பம்ப்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வருமாறு மாட்டுங்கள். வண்டி ஓடும்போது இரண்டும் எரியும். வண்டி திணறும்போது, அல்லது நின்றபின் சாவி போட்ட அந்த இரண்டு நொடியில், பக்கத்தில் இருப்பவர் பல்பைப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் பளிச்சென்று எரிந்தும் சத்தம் இல்லையா? மின்சாரம் பம்ப் வாசல்வரை வந்துவிட்டது. கோளாறு பம்ப்புக்குள்தான், இப்போது தைரியமாக மாற்றலாம். முதல் பல்பு எரிந்து இரண்டாவது அணைந்தால் அல்லது மங்கினால் எர்த்து. இரண்டுமே அணைந்தால் பியூஸ், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், வயர் என்று முன்பக்கம் போக வேண்டும். அப்போது பல்பு வயரை ரிலேயின் 87-ஆம் முனைக்கும், பிறகு 30-ஆம் முனைக்கும் மாற்றி மாற்றிப் பாதையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வரலாம். 30-இல் எரிந்து 87-இல் எரியாவிட்டால் ஒன்று ரிலே பிடிக்கவில்லை, அல்லது அதைப் பிடிக்கச் சொல்லும் ஆணை வரவில்லை; 85, 86 முனைகளைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் ஸ்கேனரைவிட இந்த இரண்டு பல்பை நான் அதிகம் மதிக்கிறேன். ரிலேக்கு ஆணை போனதா என்பதைத்தான் பெரும்பாலான ஸ்கேனர் சொல்லும். பம்ப் வாசலில் மின்சாரம் நின்றதா என்று அதற்குத் தெரியாது.

நம்ம ஊர்ப் பூமிக்கும் இதில் பங்கு உண்டு. வெளியே 40 டிகிரியைத் தொடும் மதியத்தில் பானெட்டுக்குள் 80 டிகிரி சாதாரணம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும். காலையில் 25 டிகிரியில் இருந்த ரிலே காயில் 80 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு தடை கூடி, பிடிமானம் குறைந்துபோகும். பேட்டரியும் தளர்ந்திருந்தால் ரிலே பிடிக்காது. ரிலேக்குள் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து, ஆறினால் சேரும். 1980, 90களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலே இப்படித்தான் வெயிலில் கைவிடும் என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சங்கதி. நிழலில் பத்து நிமிடம் போட்டதும் ஓடுகிறது என்றால் இந்தப் பக்கம் ஒரு கண் வையுங்கள். ஹேர் டிரையரால் ரிலேயைச் சூடேற்றிப் பார்த்தால் ஒர்க்‌ஷாப்பிலேயே கோளாறை வரவழைத்துவிடலாம்.

ஐப்பசி மழையில் சகதி. கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பி, சக்கர வளைவிலும் டேங்க் ஓரத்திலும் அப்பிக்கொள்ளும். மேலே காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரம் நிற்கும். கப்ளரின் ரப்பர் வாசர் கிழிந்திருந்தால் அந்த ஈரம் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏற்றும். எர்த்து போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும். அதோடு எலி. பருத்திமாரும் சோளத்தட்டைப் படப்பும் இருக்கும் களத்து ஓரத்தில் வண்டியை ராத்திரி நிறுத்துகிறவர்கள், வயர் கட்டைக் கையால் தடவிப் பார்க்காமல் வேறு சோதனையைத் தொடங்க வேண்டாம். எலி முழுசாகக் கடித்துவிட்டால் கண்டுபிடிப்பது சுலபம். நாலைந்து இழை மிச்சம் வைத்துவிட்டுப் போவதுதான் நம்மை அலைக்கழிக்கும். மீட்டரில் 12 வோல்ட், பம்ப்புக்கு ஒன்றும் இல்லை.

பம்ப்பே குற்றவாளியாக இருந்த கதைகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2020 ஜூலையில் மாருதி சுசூகி, பியூல் பம்ப் கோளாறு இருக்கக்கூடும் என்று 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும் இந்தியாவில் அழைத்தது. ஹோண்டா சொன்ன காரணம், பம்ப்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் இம்பெல்லர் என்னும் சிறு சக்கரத்தில் குறை. டென்சோ நிறுவனம் தயாரித்த பம்ப்புகளில் இந்தச் சக்கரத்தின் பிளாஸ்டிக் அடர்த்தி குறைந்துபோனதால், அது பெட்ரோலை உறிஞ்சி உப்பி, கூட்டின் சுவரில் உரசி, மோட்டாரை நிறுத்திவிடும் என்று உலகம் முழுவதும் பல லட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. இங்கே மின்சாரம் ஒழுங்காக வரும், பம்ப் மட்டும் சுற்றாது. இரண்டு பல்பும் பளிச்சென்று எரியும். கிளாம்ப் மீட்டர் போட்டால் இறுகிய மோட்டார் வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் இழுப்பது தெரியும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் இதற்கு மாறாக ஆம்பியர் குறைந்து தடுமாறும். டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஓடத் தொடங்கும். தட்டி ஓடினால் அது துப்புதான், வைத்தியம் இல்லை. உங்கள் வண்டி அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இருந்தால் பம்ப்பை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கோளாறு அகப்படாமல் சலித்துப்போய், பேட்டரியிலிருந்து பம்ப்புக்கு ஒரு 'டைரக்ட் லைன்' இழுத்து, டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்ததன் காரணம், நாலுவழிச் சாலையில் வண்டி கவிழ்ந்து பெட்ரோல் குழாய் அறுந்தால், பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதுதான். சில போர்டு கார்களில் இதற்கென்றே, அடி விழுந்தால் பம்ப்பை அணைக்கும் தனி சுவிட்ச்கூட வைத்திருந்தார்கள். பின்னால் தீப்பெட்டி பண்டல் ஏற்றிப்போகும் வண்டியில் அந்தக் காவலை எடுத்துவிடுவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

இடம் தெரிந்தபின் வைத்தியம் சின்னது. எர்த்து என்றால் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, புது லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கப்ளர் பின் கருகியிருந்தால் உப்புத்தாளில் தேய்த்து ஒப்பேற்றாமல் பின்னையே மாற்றுங்கள்; சூடுபட்ட பின்னின் பிடிப்பு திரும்ப வராது. வயரை முறுக்கி டேப் சுற்றுவது இந்த வெயிலுக்குத் தாங்காது, பசை உருகி வழிந்துவிடும். லக் போட்டு அழுத்தி, சுருங்கும் ஸ்லீவ் மாட்டுங்கள். டேங்குக்குள் இருக்கும் வயரை மட்டும் கடை வயரால் ஒட்டுப்போடாதீர்கள். பெட்ரோல் அதன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

முடிந்ததும் அந்த மூன்று அளவையும் திரும்ப எடுத்து நோட்டில் பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். டேஷ்போர்டு பல்புகளை உடனே கழற்ற வேண்டாம். அதே எட்டயபுரம் ரோட்டில், அதே லோடோடு, அதே மதிய வெயிலில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நின்றால் எந்தப் பல்பு அணைந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்; பாதையின் மிச்சப் பாதியில் அடுத்த இணைப்பைப் பார்ப்போம். நிற்காவிட்டால் வயரை உருவிவிட்டு, 2 ஆம்பியர் பியூஸையும் பல்புகளையும் டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள்.